மருந்து ஏறும் முன்பே வரும் வாந்தி மனப்பிரமை அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் மருத்துவக் கேள்வி-பதில் பகுதியில் ஒரு மகள் எழுதியிருந்த கேள்வியைப் படித்தேன். அவருடைய அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். ஆறு சைக்கிள், அதாவது ஆறு சுற்று, கீமோவில் நான்கு முடிந்துவிட்டது. முதல் இரண்டு முறை மருந்து ஏறிய பிறகுதான் வாந்தி வந்தது. மூன்றாம் முறையிலிருந்து மருத்துவமனை வாசலில் கார் திரும்பும்போதே ஓங்கரிக்கத் தொடங்கிவிடுகிறார். இப்போது முந்தின நாள் இரவே குமட்டல், தூக்கமில்லை. "ஒரு சொட்டு மருந்துகூட உள்ளே போகாதபோது எப்படி வாந்தி வரும்? அம்மா பயத்தில் தானாக வரவழைத்துக்கொள்கிறாரா?" என்று கேட்டிருந்தார். அதற்குக் கிடைத்த பதில் மூன்றே வரி. இது மனப்பிரமை, மருந்தின் விளைவு இல்லை. அம்மாவுக்குத் தைரியம் சொல்லுங்கள். மனதை வேறு பக்கம் திருப்பச் சொல்லுங்கள்.

அந்த மூன்று வரியைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. அதனால்தான் இந்த நீளமான கடிதம்.

நான் பள்ளியில் 22 ஆண்டுகள் உளவியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். புலனுணர்வு, புலன்காட்சி, கற்றல் என்ற மூன்று பாடங்களையும் வருடா வருடம் கரும்பலகையில் படம் போட்டு நடத்தியிருக்கிறேன். 7 ஆண்டுகளுக்கு முன் எனக்கும் இதே நோய் வந்தது. 21 நாளுக்கு ஒரு முறை வீதம் நான்கு தடவை டாக்சோரூபிசின் என்கிற சிவப்பு மருந்து, கூடவே இன்னொன்று. அது முடிந்து வாரம் ஒன்றாக 12 வாரம் பேக்லிடாக்செல் என்கிற வேறொரு கீமோ மருந்து. பாடப்புத்தகத்தில் நான் சொல்லிக்கொடுத்த அத்தனையும் என் உடம்பிலேயே நடந்து முடிந்தது.

மூன்றாவது சைக்கிள் அன்று காலை நடந்ததைச் சொல்கிறேன். லிஃப்ட் கதவு திறந்ததும் ஸ்பிரிட் வாடை முகத்தில் அடித்தது. அடிவயிற்றில் ஏதோ புரண்டது. அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்தார்கள். நர்ஸ் என் கையைப் பிடித்து வெயின் தேடினார். பிறகு சின்னப் பொட்டலம் ஒன்றின் ஓரத்தைக் கிழித்தார். உள்ளே ஸ்பிரிட் நனைத்த பஞ்சு. அந்தக் காகிதம் கிழிகிற சத்தம் கேட்டதுதான் தாமதம், இரண்டு கன்னத்தின் உள்பக்கத்திலிருந்தும் எச்சில் சுரந்து நாக்குக்கு அடியில் தேங்கியது. விழுங்கினேன். மறுபடி நிறைந்தது. விழுங்கினேன். மூன்று முறை விழுங்கினேன், நான்காவது முறைக்கு இடம் கொடுக்காமல் வயிறு மேலே எழும்பிவிட்டது. ஊசி இன்னும் உறையைவிட்டு வெளியே வரவில்லை.

"ஊசியே போடலையேம்மா, அதுக்குள்ளயா? மனசைத் திடப்படுத்திக்குங்க" என்றார் நர்ஸ். அன்பாகத்தான் சொன்னார். என் வீட்டுக்காரரும் தலையாட்டினார். எனக்கோ அந்த நேரத்திலும் ஒன்றுதான் மனதில் ஓடியது. இந்த எச்சிலைத்தானே 22 வருடமாகக் கரும்பலகையில் சொட்டுச் சொட்டாக வரைந்துகொண்டிருந்தேன்!

இவான் பாவ்லவ் என்ற ரஷ்ய அறிஞரின் நாய்ச் சோதனையைப் பள்ளிக்கூடம் தாண்டியவர்கள் எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள். மணி அடித்தால் நாய்க்கு எச்சில் ஊறும் என்பதோடு நம் நினைவு நின்றுவிடுகிறது. பாவ்லவ் உளவியல்காரரே அல்ல. செரிமானத்தை ஆராய்ந்த உடலியல் அறிஞர். 1904இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததும் செரிமான ஆராய்ச்சிக்காகத்தான். நாயின் எச்சில் நாளத்தைச் சிறு அறுவை மூலம் கன்னத்துக்கு வெளியே கொண்டுவந்து, எந்த உணவுக்கு எவ்வளவு சுரக்கிறது என்று அளந்துகொண்டிருந்தார். உணவு வாய்க்கு வரும் முன்பே, உணவு கொண்டுவருகிற ஆளைக் கண்டதுமே எச்சில் சுரந்ததைக் கவனித்தார். முதலில் அவரும் இதை 'மனச் சுரப்பு' என்றே அழைத்தார். பிறகு அந்தப் பெயரை விட்டுவிட்டார். நாய் என்ன நினைக்கிறது என்று ஊகிப்பதால் பயனில்லை, எது எதோடு சேர்ந்து வந்தது என்று பார்த்தால் போதும் என்ற முடிவுக்கு வந்தார். உணவு இயற்கைத் தூண்டல், எச்சில் அதற்கு உடம்பு தருகிற பதில், அதாவது துலங்கல். உணவுக்குச் சற்று முன் திரும்பத் திரும்ப ஒலிக்கிற மெட்ரோனோம் என்கிற தாளக் கருவி செயற்கைத் தூண்டல். சில நாளில் அந்த ஒலி மட்டுமே எச்சிலை வரவழைத்துவிடும். இதைத்தான் ஆக்கநிலையுறுத்தல் என்கிறோம்.

நான் பள்ளியில் சொல்லிக்கொடுக்காமல் விட்ட ஒரு சோதனை உண்டு. விட்டதற்கு இன்றைக்கு வருந்துகிறேன். தாஷ்கண்டில் கிரிலோவ் என்பவர் நாய்களுக்குத் தினமும் மார்ஃபின் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். மார்ஃபின் ஏறினால் நாய்க்கு எச்சில் ஒழுகும், குமட்டும், வாந்தி வரும், பிறகு தூங்கிவிடும். ஐந்தாறு நாள் போனதும், ஊசிக்கான ஏற்பாடுகளைப் பார்த்த மாத்திரத்தில் நாய்க்கு இவை அத்தனையும் வந்தன. சில நாய்களுக்கு அந்த ஆளைக் கண்டாலே போதுமானதாக இருந்தது. பாவ்லவ் தன் விரிவுரைகளில் இதை எடுத்துச் சொல்லியிருக்கிறார், அது 1927இல் ஆங்கிலத்திலும் வந்துவிட்டது. அந்த நாய் பிரமையில் வாந்தி எடுத்தது என்று யாராவது சொல்வார்களா? தைரியம் சொன்னால் நிறுத்தியிருக்குமா? ஒரு நூற்றாண்டுக்கு முன்பே ஆய்வகத்தில் பார்த்து எழுதிவைத்த விஷயத்தை இன்னும் ஒரு நோயாளியின் மனக்கோழைத்தனம் என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

வாடைதான் இதில் முன்னால் நிற்கும். அதற்குக் காரணம் உண்டு. கண்ணிலிருந்தும் காதிலிருந்தும் வருகிற செய்தி, மூளையில் தலாமஸ் என்கிற இடைநிலையத்தைத் தாண்டித்தான் மூளையின் மேலடுக்கான புறணிக்குப் போகிறது. மூக்கிலிருந்து வருவது மட்டும் அந்த இடைநிலையத்தில் நிற்காமல், உணர்ச்சிக்குரிய அமிக்டலாவுக்கு நேராகவே போய்ச் சேருகிறது. இது என்ன வாடை என்று பெயர் சொல்வதற்குள் வயிற்றுக்குத் தகவல் போய்விடுகிறது.

ஒரு நாள் நர்ஸிடம் கேட்டேன்: "நாள் முழுக்க இந்த ஸ்பிரிட் வாடையிலேயே எப்படி இருக்கீங்க?" அவர் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "வாடையா? எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றார். பொய் இல்லை. மாறாமல் இருக்கிற வாடைக்கு மூக்கு சில நிமிடங்களிலேயே பழகிவிடும். புலன் ஒத்தமைவு என்று பாடத்தில் வரும். எனக்கு மட்டும் ஏன் பழகவில்லை? நான் 21 நாள் கழித்து வெளியிலிருந்து வருகிறேன் என்பது ஒரு பாதி. மறு பாதிக்கு 2008இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு ஒன்று விடை சொல்கிறது. கண்ணாடி பிம்பம்போல ஒன்றுக்கொன்று எதிராக அமைந்த மூலக்கூறுகளின் வாடையை முகரக் கொடுத்தார்கள். யாராலும் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பிறகு இரண்டில் ஒன்றை முகரும்போது மட்டும் லேசாக மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். அதற்குப் பின் அதே ஆட்கள் அந்த இரண்டு வாடைகளையும் பிரித்தறிந்தார்கள்!

இந்த முடிவைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. புலன் தகவல் கொடுக்கும், மூளை அதற்குப் பொருள் கொடுக்கும், கற்றல் கடைசியில் வரும் என்று வரிசையாகத்தான் நான் பாடம் நடத்தினேன். உடம்பில் அப்படி வரிசை கிடையாது. வலியோடு சேர்ந்து வந்த பாடம், புலனையே கூர் தீட்டிவிடுகிறது. நர்ஸுக்குத் தெரியாத வாடை எனக்குத் தெரிந்தது நான் மிகையாகக் கற்பனை செய்ததால் அல்ல. என் மூக்கும் மூளையும் சேர்ந்து அந்த ஒரு வாடைக்காகக் காவல் இருந்தன.

வாடையோடு இது நிற்காது. எனக்குச் சிவப்பு நிறமும் சேர்ந்துகொண்டது. ஊசிக்குழாயில் அந்த மருந்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அடர்ந்த ஆரஞ்சுச் சிவப்பு. குழாய் வழியாக அது கை நோக்கி வருவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். மூன்றாவது சைக்கிளுக்குப் பிறகு வீட்டில் என் மகள் ஒரு கண்ணாடி டம்ளரில் சிவப்பு நிறப் பழச்சாறு கொண்டுவந்து வைத்தாள். அதில் வாடை இல்லை, ஸ்பிரிட் இல்லை, நான் உட்கார்ந்திருந்ததும் என் வீட்டுக் கட்டிலில். வாயில் அதே எச்சில். இதற்குப் பொதுமைப்படுத்தல் என்று பெயர். 1920இல் வாட்சனும் ரெய்னரும் 11 மாதக் குழந்தை ஒன்றுக்கு வெள்ளெலியைக் காட்டும்போதெல்லாம் இரும்புத் தண்டைச் சுத்தியால் ஓங்கி அடித்துப் பயமுறுத்தினார்கள். குழந்தை பிறகு முயலுக்கும் பயந்தது, ரோமக் கோட்டுக்கும் பயந்தது. அந்தப் பயத்தைப் போக்காமலேயே குழந்தையை அங்கிருந்து அனுப்பிவிட்டார்கள். அந்தச் சோதனையைப் பாடம் எடுக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். இன்று எந்த ஆய்வு நெறிக் குழுவும் அதை அனுமதிக்காது.

இப்போது என் மனதை மிகவும் உறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன்.

பேக்லிடாக்செல் தொடங்கி ஆறேழு வாரத்தில் என் விரல் நுனிகள் மரத்துப்போயின. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. தரையில் நடந்தால் பஞ்சு மேல் நடப்பதுபோல இருந்தது. வகுப்பில் நாங்கள் ஒரு சோதனை செய்வோம். எர்ன்ஸ்ட் வெபர் 1834இல் செய்து காட்டியது. காகிதக் கிளிப்பை விரித்து இரண்டு முனையாக வளைத்துக்கொண்டு, கண்ணை மூடியிருப்பவரின் விரல் நுனியில் இரண்டு முனையும் ஒன்றாகப் படும்படி மெல்லத் தொட வேண்டும். முனைகளுக்கு நடுவே இரண்டு மூன்று மில்லிமீட்டர் இருந்தாலே 'இரண்டு' என்று சொல்லிவிடுவார்கள். முதுகில் நான்கு சென்டிமீட்டர் இருந்தால்கூடச் சிலர் 'ஒன்று' என்பார்கள். என் மகளை அதே கிளிப்பால் என் ஆட்காட்டி விரலைத் தொடச் சொன்னேன். எட்டு மில்லிமீட்டர் வரை 'ஒன்று, ஒன்று' என்றேன். அவள் முகம் வாடிவிட்டது. டாக்டரிடம் சொன்னதும் உடனே குறித்துக்கொண்டார். "நரம்பு பாதிப்பு, மருந்தால வர்றது" என்றார், மருந்தின் அளவைக் குறைப்பது பற்றிப் பேசினார். விரல் மரத்ததற்கு ஒருவரும் எனக்குத் தைரியம் சொல்லவில்லை. மனதைத் திருப்பச் சொல்லவில்லை.

இரண்டும் அதே சிகிச்சையால் வந்தவைதான். ஒன்றில் மருந்து நரம்பைக் கெடுத்தது. இன்னொன்றில் மருந்து நரம்புக்குப் பாடம் கற்பித்தது. கெட்டுப்போன நரம்புக்கு மரியாதை உண்டு, கற்றுக்கொண்ட நரம்புக்கு இல்லை! வாந்தி எடுக்கிற நோயாளி மட்டும் கோழை, நடிக்கிறவள், கூட இருப்பவர்களைப் படுத்துகிறவள். அந்த மகளின் கேள்வியில் 'வரவழைத்துக்கொள்கிறாரா' என்ற ஒரு சொல் இருக்கிறதே, அதுதான் என்னை எழுத வைத்தது. அவர் அம்மா மீது பாசம் இல்லாமல் அப்படிக் கேட்கவில்லை. யாரும் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை.

நாக்கும் வயிறும் கற்கிற விதம் பாவ்லவின் எச்சிலைக் காட்டிலும் விசித்திரமானது. அமெரிக்க அறிஞர் ஜான் கார்சியாவும் கோல்லிங்கும் 1966இல் எலிகளுக்குச் சுவையூட்டிய தண்ணீர் கொடுத்தார்கள். எலி அதை நக்கும்போதெல்லாம் விளக்கு மின்னும், ஒலியும் எழும். சுவை, ஒளி, ஒலி மூன்றும் ஒன்றாக வந்தன. பிறகு நோய்வாய்ப்பட வைக்கப்பட்ட எலிகள் சுவையை வெறுத்தன, ஒளியையும் ஒலியையும் பொருட்படுத்தவில்லை. மின் அதிர்ச்சி வாங்கிய எலிகள் ஒளிக்கும் ஒலிக்கும் பயந்தன, சுவையைப் பொருட்படுத்தவில்லை. வயிற்றுக்கு வந்த கேட்டுக்கு, வாய் வழியாக வந்த பொருளைத்தான் உடம்பு குற்றவாளியாகப் பிடிக்கிறது. நடுவில் சில மணி நேரம் கழிந்தாலும் பிடிக்கும், ஒரே ஒரு முறை நடந்தாலும் பிடிக்கும். விஷம் தின்று தப்பிய விலங்கு இரண்டாம் முறை அதைத் தொடாமலிருக்க இயற்கை செய்துவைத்த ஏற்பாடு இது.

கீமோ நோயாளிக்கு இந்த ஏற்பாடு எதிராகத் திரும்புகிறது. 1978இல் இலீன் பெர்ன்ஸ்டைன் என்ற ஆய்வாளர் புற்றுநோய் சிகிச்சையில் இருந்த குழந்தைகளிடம் இதைக் காட்டினார். சிகிச்சைக்குச் சற்று முன் புதுவகைச் சுவையுள்ள ஐஸ்கிரீம் கொடுக்கப்பட்ட குழந்தைகளில், சில வாரம் கழித்து அதே ஐஸ்கிரீமைக் கொடுத்தபோது கால் பங்குக்கும் குறைவானவர்களே அதைச் சாப்பிட முன்வந்தார்கள். அதே சிகிச்சை பெற்றும் முன்பு அந்த ஐஸ்கிரீம் கொடுக்கப்படாத குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சாப்பிட்டார்கள். வாந்திக்குக் காரணம் மருந்து என்று அறிந்தவர்களுக்கும் இந்த வெறுப்பு வரும். அறிவுக்குத் தெரிந்தது நாக்குக்கு எட்டுவதில்லை. எனக்கே எல்லாம் தெரிந்திருந்தும் வந்ததே!

இந்த ஆய்விலிருந்து குடும்பத்தாருக்கு ஒரு உடனடிப் பயன் உண்டு. சிகிச்சை நாளில் அம்மா தெம்பாக இருக்கட்டும் என்று அவருக்கு மிகவும் பிடித்ததைச் செய்து கொடுக்கத் தோன்றும். தயவுசெய்து அன்றைக்கு மட்டும் வேண்டாம். பிடித்த உணவைச் சிகிச்சைக்கு நடுவில் வரும் நல்ல நாட்களுக்கு வையுங்கள். பெர்ன்ஸ்டைனும் பிராபர்கும் 1987இல் இன்னொன்றும் காட்டினார்கள். சாப்பாட்டுக்கும் கீமோவுக்கும் இடையில் விசித்திரச் சுவையுள்ள மிட்டாய் ஒன்றைக் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். பழி அந்த மிட்டாய் மேல் விழுந்தது. சாப்பாடு தப்பியது. இழந்தாலும் பரவாயில்லை என்கிற ஒரு சுவையை டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வாயில் போட்டுக்கொள்ளச் சொல்லலாம்.

நான் செய்த ஒரு தவறையும் இங்கே எழுதியாக வேண்டும். நான்காவது சைக்கிளுக்கு முந்தின நாள் மாலை, வீட்டில் யாரும் பக்கத்தில் இல்லாதபோது மருத்துவமனைக்கு போன் செய்து, "ஜுரம் அடிக்குது, நாளைக்கு வர முடியாது" என்று பொய் சொன்னேன். சரி, அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள். போனை வைத்தேன். காலையிலிருந்து புரண்டுகொண்டிருந்த வயிறு ஒரு நிமிடத்தில் அடங்கியது. தோள் தளர்ந்தது. பசித்தது. எதிர்மறை வலுவூட்டல் என்றால் தண்டனை என்று என் மாணவர்களில் பாதிப் பேர் தேர்வில் எழுதுவார்கள், நான் சிவப்பு மையில் அடிப்பேன். தண்டனை ஒரு செயலைக் குறைக்கும். எதிர்மறை வலுவூட்டல் ஒரு செயலை வளர்க்கும், அதுவும் வேதனையை எடுத்துவிடுவதன் மூலம். அன்று மாலை என் வேதனையை எடுத்துவிட்டது அந்தப் பொய். அடுத்த வாரமும் சொல்லத் தோன்றியது, அதற்கடுத்த வாரமும் தோன்றியிருக்கும். இரண்டாம் முறை போனைக் கையில் எடுத்தபோது எனக்கே உறைத்தது. வீட்டுக்காரரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

எனக்கு அதற்குப் பெயர் தெரிந்திருந்ததால் நின்றேன். பெயர் தெரியாதவர்கள் எத்தனை பேர் இப்படி ஒவ்வொரு வாரமாகத் தள்ளிப்போட்டிருப்பார்கள்? நோய் காத்திருக்குமா? மனப்பிரமை என்று தள்ளிவிடுவதில் உள்ள ஆபத்து இதுதான். குமட்டலோடு வெட்கமும் சேர்ந்துகொள்கிறது. வெட்கப்படுகிற நோயாளி டாக்டரிடம் வாயைத் திறப்பதில்லை.

நான் வாயைத் திறந்த பிறகு எனக்கு நல்ல உதவி கிடைத்தது. டாக்டர் வாந்தித் தடுப்பு மருந்துகளை மாற்றினார். பதற்றம் தணிக்கும் மாத்திரை ஒன்றை முந்தின இரவுக்கு எழுதிக்கொடுத்தார். ஒரு உளவியல் ஆலோசகரிடமும் அனுப்பினார். முதலில் உடம்பை ஒவ்வொரு பகுதியாகத் தளர்த்தி மூச்சை மெதுவாக விடக் கற்றுக்கொடுத்தார் அவர். பிறகு என்னைப் பயமுறுத்துகிறவற்றை லேசானதிலிருந்து கடுமையானது வரை எழுதச் சொன்னார். சீட்டில் நாள் குறித்திருப்பதைப் பார்ப்பது முதலாவது. பஞ்சுப் பொட்டலம் கிழிவது கடைசி. இரண்டு வாரம் வீட்டிலேயே பயிற்சி. பிரிக்காத பொட்டலத்தை அறையின் அந்தக் கோடி மேசையில் வைத்துவிட்டு உடம்பைத் தளர்த்துவேன். எச்சில் ஊறினால் அன்றைக்கு அங்கேயே நிறுத்திவிடுவேன். ஊறாவிட்டால் மறுநாள் ஒரு அடி பக்கத்தில். ஒன்பதாம் நாள் மடியில் வைத்துக்கொண்டேன். பன்னிரண்டாம் நாள் நானே கிழித்தேன்.

இதற்கு வழிகாட்டி 1924லேயே உண்டு. மேரி கவர் ஜோன்ஸ், முயலைக் கண்டு அலறிய ஒரு சிறுவனுக்கு, அவன் பிடித்ததைச் சாப்பிடும் நேரத்தில் முயலை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் கொண்டுவந்து, கடைசியில் அவனே அதைத் தடவிக்கொடுக்கும்படி செய்தார். புற்றுநோய் சிகிச்சைக்கு முன்பே வரும் குமட்டலை இதே முறையின் வளர்ந்த வடிவம் குறைக்கிறது என்று மாரோவும் மாரெலும் 1982இல் மருத்துவ ஆய்விதழில் வெளியிட்டார்கள். இன்று நடைமுறையில் இருப்பதுதான், ரகசிய வித்தை எதுவும் இல்லை.

கற்றது முழுதாக அழிந்துவிடுமா என்றால், இல்லை. பாவ்லவின் நாய்களுக்கு உணவில்லாமல் ஒலியை மட்டும் பலமுறை கேட்கவைத்தால் எச்சில் நின்றுவிடும். ஓய்வு கொடுத்துவிட்டு மறுபடி ஒலித்தால் கொஞ்சம் திரும்பிவரும். பழைய பாடம் அழியவில்லை, அதன் மேல் புதுப் பாடம் எழுதப்பட்டிருக்கிறது. சென்ற ஆண்டு ஒரு கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர் ஸ்பிரிட் வாடை அடிக்கிற சானிடைசரைக் கையில் தேய்த்துக்கொண்டார். ஆறு வருடம் கழித்து வாயில் அந்த எச்சில்! இந்த முறை பயப்படவில்லை. மூச்சை மெதுவாக விட்டேன், இரண்டு முறை விழுங்கினேன், அடங்கிவிட்டது. குணமான பிறகும் இப்படி வருகிறவர்கள், நோய் திரும்பிவிட்டதோ என்று கலங்க வேண்டாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

எல்லோருக்கும் இப்படி வருவதில்லை. முதல் சைக்கிளிலேயே வாந்தியை நன்றாகத் தடுத்துவிட்டால் உடம்புக்குக் கற்றுக்கொள்ள எதுவும் இருக்காது. வாந்தித் தடுப்பு மருந்துகளான ஒன்டான்செட்ரான் 1991லும் அப்ரிபிடன்ட் 2003லும் அமெரிக்காவில் அனுமதி பெற்று, இன்று உலகெங்கும் இந்த வகை மருந்துகள் பயன்பாட்டில் இருக்கின்றன. எழுதிக்கொடுத்த வாந்தி மாத்திரையை, "இப்பதான் குமட்டல் இல்லையே" என்று மிச்சம் வைக்காதீர்கள். முதல் முறை வாந்தி வந்தால், "கீமோன்னா அப்படித்தான்" என்று பொறுத்துக்கொள்ளாமல், இரண்டாம் சைக்கிளுக்கு முன்பே டாக்டரிடம் எத்தனை முறை, எத்தனை மணிக்கு வந்தது என்று எழுதிக் காட்டுங்கள்.

ஆசிரியர் அவர்களே, அந்தப் பதிலைத் திருத்தி வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கேள்வி கேட்ட மகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் அம்மா எதையும் வரவழைத்துக்கொள்ளவில்லை, அம்மா. அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும் முன் டாக்டருக்கு போன் செய்து, 'மருந்து ஏறும் முன்பே குமட்டுகிறது, முந்தின இரவே தொடங்கிவிடுகிறது' என்று இந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள். அவருக்குப் புரியும். நர்ஸிடம், பஞ்சுப் பொட்டலத்தைச் சற்றுத் தள்ளி நின்று கிழித்து எடுத்துவர முடியுமா என்று கேளுங்கள். முடிந்தால் ஒவ்வொரு முறையும் அதே நாற்காலியில் இல்லாமல் வேறு இடத்தில் உட்காரவையுங்கள்.

அவருக்கு இன்னும் இரண்டு சைக்கிள் பாக்கி. கேள்வியில் குறிப்பிட்டிருந்த தேதியிலிருந்து 21 நாள் கணக்குப் போட்டால் ஐந்தாவது சைக்கிள் வருகிற வியாழக்கிழமை. அதற்கு முன் இந்தக் கடிதம் வெளியானால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உளவியல் ஆசிரியை ஒருவர்